குட்டையா, வரப்பா, மரமா: மேட்டுக்காட்டில் முதல் காசை எதில் போடுவது?

திண்டுக்கல் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, செம்மண், வடக்கே மேடு, தெற்கே இறக்கம். அப்பா தவறிய பிறகு நிலம் இவர் கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் காட்டிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்கிறார். வேளாண் பொறியியல் துறை அலுவலர் பண்ணைக் குட்டை வெட்டச் சொல்கிறார், மானியம் உண்டு. மச்சான் மகோகனி நடச் சொல்கிறார். பெரியப்பாவோ, "வரப்பை ஏத்திக் கட்டுடா, அது போதும்" என்கிறார். கையில் இருப்பது ஒரு வேலைக்கான பணம்தான். எதைச் செய்வது?

மூன்றையும் நான் செய்திருக்கிறேன். ஒன்றைத் தப்பாகச் செய்தேன், அந்தக் கதை கீழே வரும். ஊரே சேர்ந்து செய்யும் நீர்வடிப்பகுதி வேலை என்ற நான்காவது வழியை அவர் கேட்கவில்லை. ஆனாலும் அதையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். ஒரே இரவில் 25 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையின் மாநிலச் சராசரியான சுமார் 440 மி.மீ.யை எடுத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் ஏக்கருக்குப் பதினேழரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. எல்லாம் ஓடிவிடுவதில்லை. பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. சுமாரான சரிவுள்ள செம்மண் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஓடும் என்று வைத்தால், ஏக்கருக்கு மூன்றரை லட்சம் லிட்டர். நாம் பிடிக்கப் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது மண். இந்தியாவில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 16.4 டன் மண் அரித்துப்போகிறது என்று 1983-இல் ஒரு மதிப்பீடு வந்தது. இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். ஏக்கருக்கு ஆறரை டன், அதாவது இரண்டு டிராக்டர் டிரெய்லர் மண். நிலத்தின் மேல் பரப்பிப் பார்த்தால் அது ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டித்தான் வரும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து வருடம் கழித்து நிலக்கடலைச் செடிக்குக் கீழே சரளை தட்டும்போதுதான் தெரிகிறது.

ஆகவே நான் கேட்கும் கேள்விகள் இவை. இந்த வேலை தண்ணீரைப் பிடிக்கிறதா, மண்ணைப் பிடிக்கிறதா, இரண்டையுமா? எத்தனை சென்ட் நிலம் போகும்? பலன் எந்த வருடம் தெரியும்? மூன்றாவது வருடம் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்யப்போவது யார்? கீழ்க்காட்டுக்காரருக்கும் ஊர்க் குளத்துக்கும் அதனால் என்ன ஆகும்? மானியம் உண்டா என்பதை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மானியத்துக்காக வெட்டிய குட்டைகளில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது.

## பண்ணைக் குட்டை

வழக்கமாகச் சொல்லும் அளவு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர். பக்கச் சுவரை ஒன்றுக்கு ஒன்றரை என்று சாய்த்து வெட்டினால் அடிப்பரப்பு 24 மீட்டர் சதுரமாகிவிடும். கொள்ளளவு சுமார் 1,460 கன மீட்டர், அதாவது பதினாலரை லட்சம் லிட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஏக்கருக்கு மூன்றரை லட்சம் லிட்டர் ஓடுகிறது என்றால், இந்தக் குட்டை நிறைய நாலு ஏக்கர் நிலத்துத் தண்ணீர் வேண்டும். வாசகரிடம் இருப்பது மூன்றரை. மேல்காட்டிலிருந்து தண்ணீர் வந்தாலொழிய, சராசரி மழை பெய்கிற வருடத்தில்கூடக் குட்டை நிறையாது. 20 மீட்டர் சதுரத்தில் வெட்டினால் சுமார் 580 கன மீட்டர். அதற்கு ஒன்றே முக்கால் ஏக்கர் ஓட்டம் போதும். அளவைக் குறைப்பதுதான் இங்கே புத்திசாலித்தனம், ஆனால் யாரும் குறைத்து வெட்டச் சொல்வதில்லை.

பிடித்த தண்ணீரும் அப்படியே நிற்காது. பெரிய குட்டையின் மேற்பரப்பு 900 சதுர மீட்டர். நாளைக்கு 5 மி.மீ. ஆவியானால் 4,500 லிட்டர். ஒரு மாதத்தில் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். சரளை கலந்த செம்மண் என்றால் கசிவு இதைவிடப் பல மடங்கு இருக்கும். கரிசல் அப்படியில்லை. நனைந்து உப்பிய பிறகு அதன் அடிமண்ணே தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும்.

என் தப்பு இந்த இடத்தில்தான். கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மோட்டார் வசதி என்று நினைத்து, காட்டின் மேல்மூலையில் குட்டை வெட்டினேன். அளக்க வந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. மேல்மூலைக்குத் தண்ணீர் ஓடிவர அதற்கு மேலே நிலமே கிடையாது என்பது முதல் தவறு. மூன்றடிக்குக் கீழே சரளை என்பது இரண்டாவது. கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, மார்கழியில் இல்லை. ஆனால் பக்கத்துக் காட்டு அண்ணன் கிணற்றில் தண்ணீர் ஏறியது. அடுத்த தீபாவளிக்கு ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். நீர்மட்டம் உயர்த்தும் வேலை என்ற வகையில் அது வெற்றிதான். பயிர்க் காப்பு என்ற வகையில் பூஜ்யம்.

குட்டை எதற்குப் பயன்படும் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது முழுப் பாசனத்துக்கு அல்ல. பூவெடுக்கும் நேரத்தில் இருபது நாள் மழை நின்றுவிட்டால் பயிரின் உயிரைக் காக்க ஒரே ஒரு தண்ணீர் கொடுக்க. ஓர் ஏக்கருக்கு 50 மி.மீ. கொடுக்க இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். சிறு குட்டையில் பாதி கசிந்தும் ஆவியாகியும் போனால்கூட மிச்சத்தில் ஓர் ஏக்கரைத் தாராளமாகக் காப்பாற்றலாம். நிலக்கடலைக்கு அந்த ஒரு தண்ணீர்தான் விளைச்சலுக்கும் விதைக்கடலை நஷ்டத்துக்கும் நடுவே நிற்பது.

சொல்லாமல் விடும் செலவுகளும் உண்டு. பெரிய குட்டைக்கு நிலம் 22 சென்ட், கரையோடு சேர்த்தால் முப்பதைத் தாண்டும். சிறியதற்குப் பத்து, கரையோடு பதினைந்து. வெட்டுகூலியைக் கணக்குப் போட, மண் இளக்கமாக இருந்தால் ஜேசிபி மணிக்கு 30 முதல் 40 கன மீட்டர் எடுக்கும் என்று வைத்து, உங்கள் ஊர் வாடகையால் பெருக்கிக்கொள்ளுங்கள். துறையின் இயந்திரங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பருவத்தில் வரிசை நீளம். கசிவைத் தடுக்கத் தார்ப்பாய் போல விரிக்கும் 500 மைக்ரான் ஷீட் வேண்டுமென்றால் பெரிய குட்டைக்கு மடிப்போடு 1,100 சதுர மீட்டர் ஆகும். ஆட்டுக் குளம்பும் எலியும் அதற்கு எமன். ஷீட் போட்ட குட்டையில் வழுக்கி விழுந்தவர் ஏறவே முடியாது. முடிச்சுப் போட்ட கயிறும் வேலியும் இல்லாமல் அதை வெட்டக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் இது விளையாட்டுக் காரியமல்ல.

வண்டலும் வந்து படியும். குட்டைக்குள் தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சிறு வண்டல் குழி இல்லையென்றால் குட்டை வருடத்துக்கு வருடம் தூர்ந்துகொண்டே வரும்.

## சமமட்ட வரப்பு

பெரியப்பா சொல்வது பாதி சரி. அவர் சொல்லும் வரப்பு எல்லை வரப்பு. அது சர்வே கல்லைப் பார்த்துப் போகிறது, தண்ணீரோ சரிவைப் பார்த்துப் போகிறது. எல்லை வரப்பை மட்டும் உயர்த்தினால் மூன்றரை ஏக்கர்த் தண்ணீரும் தெற்கு மூலையில் கூடி, ஒரு கனமழையில் அங்கேயே உடைத்துக்கொண்டு, கீழ்க்காட்டில் ஒரு புது ஓடையை உண்டாக்கிவிடும். வேண்டியது சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும் வரப்புகள்.

இடைவெளிக்கு ஒரு வழக்கமான கணக்கு இருக்கிறது. சரிவு 2 சதவீதம், அதாவது நூறு மீட்டர் நடந்தால் இரண்டு மீட்டர் இறக்கம் என்றால், ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் 80 செ.மீ. உயர வித்தியாசம், தரையில் 40 மீட்டர் தூரம். ஏக்கருக்கு நூறு மீட்டர் நீள வரப்பு வரும். அடி ஒன்றரை மீட்டர், உச்சி அரை மீட்டர், உயரம் 60 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 60 கன மீட்டர் மண், நாலு சென்டுக்கும் குறைவான நிலம். வாசகரின் மூன்றரை ஏக்கருக்கு மொத்தம் 210 கன மீட்டர். சிறு குட்டை வெட்டுவதில் பாதிகூட இல்லை.

மட்டம் பார்க்கப் பொறியாளர் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமும் இரண்டு குச்சியும் போதும். ஒருநாள் சாயங்காலத்துக்குள் கோடு போட்டுவிடலாம். கோடு வளைந்து வளைந்து போகும். டிராக்டர் ஓட்டுகிறவர் முனகுவார், திருப்பத்துக்கு இடமில்லை என்பார். இது உண்மையான செலவுதான், உழவுக்கூலியில் தெரியும். ஆனால் அந்தக் கோட்டுக்கு இணையாகவே உழுதால், ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி வரப்பாகிவிடுகிறது. அதற்கென்று தனியாக எதையும் கட்டாமல் கிடைக்கும் மண் பாதுகாப்பு இது.

வரப்பு உடைவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். மண்ணைக் குவித்துவிட்டு மிதிக்காமல் விடுவது, எலியும் நண்டும் போடும் வளை, மிகைநீர் போக மடை வைக்காதது. கல் அடுக்கிய மடை ஒன்று ஒவ்வொரு வரப்பிலும் வேண்டும், அதுவும் ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று வராமல் மாற்றி மாற்றி. உச்சியில் கொழுக்கட்டைப் புல், சரிவில் துவரையோ அகத்தியோ போட்டால் வரப்பு கெட்டிப்படும், ஆட்டுக்கும் தீவனம். வெட்டிவேரும் அருமையாகப் பிடிக்கும், ஆனால் முதல் வருடம் காய விடக்கூடாது.

கரிசல் காட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு உடனே ஜேசிபிக்குச் சொல்லிவிடாதீர்கள். ஆழமான கரிசலில் சமமட்ட வரப்பு ஆகாது. கோடையில் மண் வெடித்து வரப்பும் சேர்ந்து பிளக்கும், மழையில் வரப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகும். அங்கே லேசான சாய்வோடு தண்ணீரை மெதுவாக வெளியேற்றும் வரப்பும், விதைப்புக்கு முன் காட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துப் போடும் பகுதிப் பாத்தியும்தான் பொருந்தும். கரிசலில் ஓடிவரும் தண்ணீரைக் குட்டையில் வாங்குவதும் எளிது. ஆகவே விளாத்திகுளம் பக்கத்தில் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் தலைகீழாகிவிடும்.

இன்னொரு முடிச்சு. வரப்பும் குட்டையும் ஒரே தண்ணீருக்குப் போட்டி. வரப்பு சரியாக வேலை செய்தால் குட்டைக்கு வருவது வெகுவாகக் குறையும். இரண்டுக்கும் விண்ணப்பித்தவர்களிடம் இதை ஒருவரும் சொல்வதில்லை.

## மரம்

மச்சானின் கணக்கு காகிதத்தில் எப்போதும் அழகாக இருக்கும். 5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 160 மரம், மரத்துக்கு இத்தனை ஆயிரம், பெருக்கினால் கோடி. பெருக்கலில் தவறில்லை. ஆனால் முதல் இரண்டு கோடையை அதில் சேர்க்கவில்லை. கன்றுக்கு வாரம் பத்து லிட்டர் என்றால் 160 கன்றுக்கு 1,600 லிட்டர். மழையில்லாத இருபது வாரத்துக்கு 32,000 லிட்டர், அதாவது ஏழு டேங்கர் லோடு, ஏக்கருக்கு. அதோடு வேலி, ஆள், செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று.

மரம் நட்டால் மண் நிற்கும் என்பதும் முழு உண்மையல்ல. மண்ணைக் காப்பது கிளையல்ல, தரையில் கிடக்கும் சருகும் புல்லும். தேக்கின் அகன்ற இலையில் சேர்ந்து விழும் துளி, மழைத்துளியைவிடப் பெரியது. கீழே சருகைக் கூட்டி எரித்துவிட்டு வெறுந்தரையாக வைத்திருக்கும் தேக்கங்காட்டில் வேர் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விஷயத்திலும் எந்த மரம் என்பதே கேள்வி. நீலகிரியில் புல்வெளியில் தைலமரம் நட்ட பிறகு ஓடையில் நீர் குறைந்ததை உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பல வருடம் அளந்து காட்டியிருக்கிறது.

சட்டப் பக்கமும் பார்த்துவிடுங்கள். நட்டதை ஊரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏற்றிவைப்பது பின்னால் வெட்டும்போது உதவும். சந்தனம் போன்றவற்றுக்குத் தனி விதிகள். மலைப்பகுதியாக அறிவித்த கிராமம் என்றால் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், சொந்தப் பட்டா நிலமானாலும் சரி. எல்லையில் நட்டால் பக்கத்துக்காரர் பயிரில் நிழல் விழும். முறுக்கு வராது, பஞ்சாயத்துதான் வரும்.

மரம் எப்போது சரியான முடிவு? நீங்கள் சென்னையிலோ துபாயிலோ இருந்து, உழ ஆளில்லாமல் காடு தரிசாகத்தான் கிடக்கப்போகிறது என்றால். சரிவு கூடி உழவே கூடாத நிலம் என்றால். அங்கேகூட மகோகனி மட்டும் வேண்டாம். வேம்பு, புங்கம், புளி, இடையே புல் என்று கலந்து நட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்.

## ஊர் சேர்ந்து செய்வது

மேட்டிலிருந்து பள்ளம் வரை ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் மொத்த நிலமும் ஒரே அலகு, அதுதான் நீர்வடிப்பகுதி. அமெரிக்காவில் 1930-களின் புழுதிப் புயலுக்குப் பிறகு, 1937 முதல் உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் உருவாகி இன்று சுமார் 3,000 இருக்கின்றன. அந்தந்தப் பகுதி நில உடைமையாளர்களே குழுவில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். நமக்கு அப்படி நிரந்தர அமைப்பு இல்லை. திட்டம் வரும்போது நீர்வடிப்பகுதிக் குழு பிறக்கும், நிதி தீரும்போது உறங்கிவிடும். இதுதான் இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு.

இன்னொன்று மேய்ச்சல். மேட்டை அடைத்துப் புல் வளர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போடுவது எளிது. நிலமே இல்லாத ஆட்டுக்காரருக்கு அதுதான் காடு. சண்டிகருக்குப் பக்கத்தில் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரில் 1970-களில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுக்னா ஏரி தூர்ந்துபோகிறது என்று மேட்டைக் காக்கப் போனவர்கள், சிறு அணையில் பிடித்த தண்ணீரில் நிலமில்லாத வீட்டுக்கும் சமபங்கு கொடுத்தார்கள். ஆடு தானாக மேட்டிலிருந்து இறங்கியது.

மேல்காட்டிலிருந்து பெரும் ஓட்டம் உங்கள் காட்டுக்குள் வருகிறதென்றால் தனியாக எதைக் கட்டினாலும் நிற்காது. அப்போது இந்த வழி மட்டும்தான், கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

மூன்றரை ஏக்கர் செம்மண், 2 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொண்டது:

| | சிறு குட்டை (20 மீ.) | சமமட்ட வரப்பு | மரம் | ஊர் வேலை |
|---|---|---|---|---|
| எதைப் பிடிக்கும் | தண்ணீர் | மண்ணும் ஈரமும் | சருகு இருந்தால் மண் | எல்லாம் |
| போகும் நிலம் | கரையோடு 15 சென்ட் | 13 சென்ட் | நட்ட இடம் முழுவதும் | பொதுநிலம் |
| மண்வேலை | 580 கன மீட்டர் | 210 கன மீட்டர் | குழி மட்டும் | திட்டப்படி |
| பலன் தெரிவது | முதல் மழை | முதல் மழை | 5 முதல் 20 வருடம் | 3, 4 வருடம் |
| பராமரிப்பு | வண்டல், வேலி | ஒவ்வொரு ஆவணியிலும் உடைப்பு அடைப்பு | இரண்டு கோடைத் தண்ணீர் | குழு உயிரோடு இருப்பது |
| கீழ்க்காட்டுக்கு | ஓட்டம் குறையும், கிணறு ஏறலாம் | வெள்ளம் தணியும் | மரத்தைப் பொறுத்தது | நன்மை |

கீழ்க்காட்டு வரிசையைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஊர்க் குளத்தின் வரத்தில் இருக்கும் ஒவ்வொரு காட்டிலும் பெரிய குட்டை வந்துவிட்டால் குளம் நிறையாது. ஓடைப் புறம்போக்கை மறித்து ஒருபோதும் வெட்டக் கூடாது.

## வாசகருக்கு

முதல் காசை வரப்பில் போடுங்கள். செம்மண், மிதமான சரிவு, நீங்களே உழப்போகிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்தால் இதில் எனக்குத் தயக்கமில்லை. தெற்கு வரப்பின் மடைக்குக் கீழே பத்துப் பதினைந்து சென்ட் ஒதுக்கி வையுங்கள், அங்கே மரம் எதுவும் வேண்டாம். இரண்டு மழைக்காலம் அந்த மடை வழியாக எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற அளவில் குட்டை. அலுவலரிடம் இதைச் சொல்லி, விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மானியம் முன்பணமா, வேலை முடிந்த பிறகு வருவதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு வடக்கு எல்லையில் ஒரு வரிசை கொடுங்கள்.

கோடு போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கனமழை பிடிக்கும்போது வீட்டில் உட்காராமல், குடையும் ஒரு கட்டுக் குச்சியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு குச்சி, கூடும் இடத்தில் ஒரு குச்சி, வெளியேறும் இடத்தில் ஒரு குச்சி. மழை விட்ட பிறகு கடப்பாரையால் அந்த இடங்களில் மூன்றடி தோண்டி, சரளை எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். குட்டை வெட்டுவதற்கு முன் நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.